பானெட்டைத் திறங்க, ஒண்ணும் கடிக்காது

ஆயுத பூஜை வந்தால் காருக்கு நாம் ஒரு குறையும் வைப்பதில்லை. கழுவித் துடைத்து, பானெட் மேலே சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் சுற்றி உடைத்து எல்லாம் முறைப்படி நடக்கும். சந்தனம் வைத்த அந்தத் தகட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை. எங்கள் பக்கத்து பிளாட் நண்பர் நல்ல பெரிய எஸ்.யூ.வி. வைத்திருக்கிறார். பானெட் திறக்கும் லீவர் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "அதெல்லாம் சர்வீஸ்ல பார்த்துப்பாங்க சார், நமக்கு எதுக்கு அந்த வம்பு?" என்றார்.

வம்பு ஒன்றும் இல்லை. நான் மெக்கானிக் கிடையாது. ஸ்பானர் பிடித்துச் சம்பாதித்தவனும் இல்லை. என்னிடம் இருப்பது ஒரு பழைய வேகன் ஆர், மடிப்பாக்கத்தில் தெருவோரமாக வேப்பமரத்தடியில் நிற்கும் பெட்ரோல் வண்டி. மாதத்துக்கு ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால், பானெட்டைத் திறந்து ஒரு பத்து நிமிஷம் பார்ப்பேன். எதையும் கழட்ட மாட்டேன். பார்ப்பதோடு சரி. போன மாதம் எப்படி இருந்ததோ, அப்படியே இந்த மாதமும் இருக்கிறதா? இந்த ஒரு கேள்விக்காகத்தான் திறக்கிறேன். இந்தப் பதிவும் அதைப் பற்றித்தான்.

அந்தக் காலத்து பானெட்

சென்னையில் ஸ்டாண்டர்ட் கம்பெனி 1961 முதல் ஹெரால்டு என்று ஒரு கார் தயாரித்தது. படத்தில் பார்த்திருப்பீர்கள். அதில் பானெட் மட்டும் தனியாகத் திறக்காது. இரண்டு பக்க மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து வண்டியின் முன்பாகம் மொத்தமும் முன்னால் சாயும். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சினில் வேலை பார்க்கலாம். 1958-இல் வந்த அம்பாசடரிலும் பானெட்டுக்குள் இடம் தாராளம். கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இலும் அந்த 796 சிசி எஞ்சினைச் சுற்றிக் கை நுழையும். அன்றைக்கு பானெட்டைத் திறக்காமல் கார் ஓட்டவே முடியாது. ஊட்டி மலை ஏறும்போது நடுவழியில் ஓரங்கட்டி, சாக்கை நனைத்து ரேடியேட்டர் மூடி மேல் போட்டுத் திறந்து தண்ணீர் ஊற்றிய கதை எல்லாக் குடும்பத்திலும் ஒரு சித்தப்பாவிடம் இருக்கும்.

இன்றைக்குத் திறந்தால் ஒரு பெரிய கறுப்பு பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது. அதன் மேல் கம்பெனி பேர். "உனக்கு இங்கே வேலை இல்லை" என்று சொல்வதுபோல இருக்கிறது. உண்மையில் அப்படி இல்லை. நாம் தொட வேண்டிய இடங்களைப் பெரும்பாலான கம்பெனிகள் கலர் போட்டே காட்டியிருக்கின்றன. ஆயில் டிப்ஸ்டிக்கின் பிடி மஞ்சள் அல்லது ஆரஞ்சு. வாஷர் தண்ணீர் மூடி நீலம், அல்லது அதன் மேல் கண்ணாடியும் நீரூற்றும் வரைந்திருக்கும். ஐந்தாறு இடம்தான் மொத்தமே. மிச்சத்தை மெக்கானிக்குக்கு விட்டுவிடலாம்.

திறப்பதற்கு முன்

வண்டி சமதரையில் நிற்க வேண்டும். எஞ்சின் ஆஃப், ஹேண்ட் பிரேக் போட்டாச்சு, சாவி உங்கள் பாக்கெட்டில். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். ஆஃபீஸ் ஐடி கார்டைக் கழுத்தில் தொங்கவிட்டபடி குனியாதீர்கள். துப்பட்டா, தொங்கும் சங்கிலி எதுவும் வேண்டாம். சூடான வண்டியில் ரேடியேட்டர் ஃபேன் எஞ்சின் நின்ற பிறகும் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். முன்கூட்டிச் சொல்லிவிட்டெல்லாம் சுற்றாது.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் ஸ்டியரிங்குக்குக் கீழே, வலது காலுக்கோ இடது காலுக்கோ பக்கத்தில் பானெட் படம் போட்ட லீவர் இருக்கும். இழுத்தால் 'டப்' என்று பானெட் ஒரு விரல் அளவு மேலே எழும். முழுசாகத் திறக்காது. ஓடும் வண்டியில் தவறிக் கைபட்டால் பானெட் எழும்பிக் கண்ணாடியை மறைத்துவிடக் கூடாது என்பதற்காக இரண்டாவதாக ஒரு கொக்கி உண்டு. விரல் அளவு இடைவெளியில் கையை விட்டு நடுவில் தடவினால் அகப்படும். அதை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே தூக்க வேண்டும். தாங்கு கம்பியை எடுத்து அதற்கென்று இருக்கிற ஓட்டையில் சரியாக மாட்டுங்கள். காற்றடிக்கிற நாளில் பாதி மாட்டிய கம்பி நழுவினால் தலை தப்பாது.

மூடும்போது உள்ளங்கையால் அழுத்தி மூடுகிறவர்கள் அதிகம். இப்போதைய தகடு மெல்லிசு. அழுத்திய இடம் பள்ளம் விழும். ஒரு அடி உயரத்துக்கு இறக்கி விட்டுவிடுங்கள், அதுவே பூட்டிக்கொள்ளும். பிறகு விளிம்பைத் தூக்கிப் பார்த்து, பூட்டியிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

ஆயில்

முதல் வேலை டிப்ஸ்டிக். மஞ்சள் பிடியை இழுத்தால் நீளமான மெல்லிய கம்பி வரும். முதல் தடவை வருகிற அளவை நம்பக் கூடாது. ஓடியபோது தெறித்த ஆயில் கம்பி முழுக்க ஒட்டியிருக்கும். நூல் பிரியாத பழைய வேட்டித் துணியால் துடைத்து, கடைசிவரை திரும்பச் செருகி, மறுபடி எடுத்துப் பாருங்கள். நுனியில் இரண்டு கோடோ இரண்டு துளையோ இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஆயில் ஈரம் நின்றால் நல்லது. கீழ்க்குறியைத் தொட்டால் ஊற்ற வேண்டும். மேல்குறியைத் தாண்டி ஊற்றிவிட்டால் அதுவும் கெடுதல்தான். உள்ளே சுற்றுகிற கிராங்க் ஆயிலில் பட்டு நுரை கிளப்பும். நுரைத்த ஆயிலால் உராய்வைத் தடுக்க முடியாது.

"கறுப்பா இருக்கே, மாத்தணுமா?" என்று கேட்பார்கள். கறுப்பு நிறத்தை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. புகைக்கரியை ஆயில் தன்னோடு இழுத்து வைத்துக்கொள்வதால்தான் கறுக்கிறது. அது அதன் வேலை. டீசல் வண்டியில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். கவலைப்பட வேண்டியது வேறு நிறத்துக்கு. ஆயில் வெளுத்து, நுரைகட்டி, பால் கலந்தாற்போல வந்தால் உள்ளே தண்ணீரோ கூலன்டோ கலந்திருக்கக்கூடும். அந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, மாமா ஒருவர் வந்து "இந்த ஆயில் தண்ணி மாதிரி இருக்குடா மாப்ள, கெட்டியா ஊத்து, எஞ்சின் சத்தம் போடாது" என்பார். அவர் ஓட்டிய அம்பாசடருக்கு அது சரி. புது எஞ்சின்களில் ஆயில் ஓடும் வழிகள் குறுகல். வால்வ் டைமிங்கை மாற்றும் பாகங்கள்கூட ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கின்றன. 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான். டபிள்யூ என்பது குளிரில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதற்கான குறி. நம் ஊரில் குளிர் இல்லையே என்று அதை ஒதுக்க வேண்டாம். காலையில் ஸ்டார்ட் பண்ணிய முதல் சில நொடிகளில் ஆயில் மேலே ஏறுகிற வேகம் எந்த ஊரிலும் முக்கியம்.

கூலன்ட்

பக்கத்திலேயே பாதி வெளுத்த பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் பச்சையோ சிவப்போ நீலமோ ஒரு திரவம் இருக்கும். வெளியிலிருந்தே மின், மேக்ஸ் கோடு தெரியும். மூடியைத் திறக்காமலே பார்த்துவிடலாம். வண்டி ஆறியிருக்கும்போது இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே என்று எல்லோரும் சொல்வார்கள். காரணம் நம் அடுப்படியிலேயே இருக்கிறது. குக்கருக்குள் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்பது அழுத்தத்தால். ரேடியேட்டர் மூடியும் அதையேதான் செய்கிறது. ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கட்டி வைக்கிறது. மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும். நூறு டிகிரியைத் தாண்டிய திரவம் அதே நொடியில் கொதித்து, ஆவியோடு சேர்ந்து முகத்தில் அடிக்கும். விசில் அடங்காத குக்கரை யாரும் திறப்பதில்லை. இதையும் திறக்க வேண்டாம்.

அளவு குறைந்தால் போர் தண்ணீர் ஊற்றுவது சென்னைக்காரர்களின் பழக்கம். எங்கள் பகுதி போர் தண்ணீரில் பக்கெட்டே வெள்ளை பூத்துவிடுகிறது. அந்த உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்தால் என்ன ஆகும்? வழியில் மாட்டிக்கொண்டால் ஆபத்துக்குப் பாவமில்லை, கேன் தண்ணீர் ஊற்றி வீடு சேரலாம். மற்றபடி கையேட்டில் சொன்ன கூலன்ட், தேவைப்பட்டால் டிஸ்டில்டு வாட்டர். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். நிறத்துக்குப் பொது விதி கிடையாது, ஒவ்வொரு கம்பெனியும் ஒரு சாயம் போடுகிறது. கூலன்ட் தரையில் சிந்தினால் உடனே கழுவி விடுங்கள். அதில் இருக்கிற கிளைக்கால் இனிக்கும். தெரு நாயும் பூனையும் நக்கினால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும்.

ஒரு தடவை குறைந்தால் ஊற்றலாம். மாதாமாதம் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். இதைக் கண்டுபிடிக்கத்தான் நான் ஒவ்வொரு மாதமும் போனில் அந்த டப்பாவைப் போட்டோ எடுத்து வைக்கிறேன். ஞாபகம் ஏமாற்றும், போட்டோ ஏமாற்றாது.

பிரேக் ஆயில்

டிரைவர் பக்கம், கண்ணாடிக்குக் கீழே சின்ன டப்பா. டாட் 3 அல்லது டாட் 4 என்று மூடியில் எழுதியிருக்கும். இதில் அளவு குறைந்தால் உடனே ஊற்றி நிரப்ப ஓடாதீர்கள். பிரேக் பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் கீழே இறங்கும். அதனால் மெல்ல மெல்லக் குறைந்தால் பேடைப் பார்க்கச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சடாரென்று குறைந்தால் ஒழுகல். வண்டியை எடுக்கவே கூடாது.

இந்த ஆயிலுக்கு இன்னொரு குணம், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அது 140 டிகிரி வரை இறங்கிவிடலாம். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு தாராளமாக வரும். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி சேரும். ஆவியை அழுத்தினால் சுருங்கும், பெடல் தரையைத் தொடும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். மாற்றுவது மெக்கானிக் வேலை. கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேட்பது நம் வேலை. பெயின்ட் மேல் சொட்டினால் பெயின்ட் உரிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பேட்டரி

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், காலையில் 'டிக்' என்ற சத்தத்தோடு வண்டி நின்றுபோகும் நாள் தூரத்தில் இல்லை. ஆப்ப சோடா கலந்த வெந்நீர் கொஞ்சம் ஊற்றினால் பொங்கிக் கரையும். துடைத்து, காயவைத்து, மேலே லேசாக வாசலின். கழட்டுவதாக இருந்தால் எப்போதும் மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். எங்கள் தெரு முனை மெக்கானிக் அண்ணன் ஒரு பையனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததைப் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"ஏன்டா மைனஸ் ஃபர்ஸ்ட்டு?"

"தெரியாதுண்ணே."

"வண்டி பாடி மொத்தமும் மைனஸ். நீ பிளஸ்ஸைக் கழட்டும்போது ஸ்பானர் பாடியில பட்டா ஷார்ட்டு. மைனஸை எடுத்துட்டா பட்டாலும் ஒண்ணும் ஆகாது. மோதிரத்தைக் கழட்டி வை முதல்ல."

இதைவிடத் தெளிவாக எந்தக் கையேடும் சொல்லாது. ஆறிய பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைய சார்ஜ் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் ஆல்டர்னேட்டர் ஒழுங்காக வேலை செய்கிறது. குளிர் நாட்டுக்காரர்கள் பேட்டரி குளிரில் போவதாகச் சொல்வார்கள். உள்ளுக்குள் அதை அரிப்பது வெயில்தான், குளிர் அதை வெளியே காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவே. நம் ஊரில் வெயிலுக்குக் குறைவில்லை. மூன்று வருஷம் தாண்டிய பேட்டரியைக் கொஞ்சம் சந்தேகத்தோடே பாருங்கள்.

எலி

தெருவில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு இந்தத் தலைப்புப் புரியும். எங்கள் தெருமுனையில் பிள்ளையார் கோயில். சூறைத்தேங்காய் உடைப்பார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து பானெட்டைத் திறந்தால், எஞ்சின் மூடி மேல் பாதி தின்ற தேங்காய்ச் சில்லுகள், நார், பேட்டரி ஓரமாகப் புழுக்கை. பிள்ளையாரின் வாகனம் முதலாளி வீட்டுப் பிரசாதத்தைக் கொண்டுவந்து என் வாகனத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறது.

சிரித்துவிட்டு மூடிவிடக் கூடாது. முதலில் ஒயர்களைப் பாருங்கள். கறுப்பு உறையில் செப்புக் கம்பி பளிச்சென்று தெரிந்தால் அங்கே பல் பட்டிருக்கிறது. அடுத்து நார், காய்ந்த இலை, பேப்பர் துண்டு எல்லாவற்றையும் பொறுக்கி எடுங்கள். சூடான எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் காய்ந்த நார் இருந்தால் தீப்பிடிக்கும். புகையிலை கட்டுங்கள், அந்துருண்டை போடுங்கள், ஸ்ப்ரே அடியுங்கள் என்று ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். வண்டி பல நாள் அசையாமல் நிற்காமலிருப்பதும், அடிக்கடி திறந்து பார்ப்பதும் எல்லாவற்றையும்விட நல்ல வைத்தியம். மழைக்காலத்தில் பூனையும் சூட்டுக்கு ஏறிப் படுக்கும். ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் பானெட்டை இரண்டு தட்டு தட்டுங்கள்.

ஏர் ஃபில்டர், ஃப்யூஸ், இலை

ஏர் ஃபில்டர் டப்பாவுக்குப் பல வண்டிகளில் ஸ்குரூகூட வேண்டாம், கிளிப்பை நெம்பினால் திறக்கும். ஒரு சர்வீஸ் சென்டரில், "ஃபில்டர் சோக் ஆயிடுச்சு சார், மாத்திடலாமா?" என்று போனில் கேட்டார்கள். முந்தின ஞாயிறுதான் பார்த்திருந்தேன். "எடுத்து வைங்க, நேர்ல வந்து பார்க்கிறேன்" என்றேன். ஒரு நிமிஷம் மௌனம். "கிளீன் பண்ணிப் போட்டுடச் சொல்றேன் சார்." பில்லில் அந்த வரியே வரவில்லை. பார்த்து வைத்திருப்பதற்கு இப்படி உடனடிப் பலனும் உண்டு.

ஃப்யூஸ் டப்பாவின் மூடியைத் திருப்பினால் எது எதற்கு என்று படம் இருக்கும். பல வண்டிகளில் ஸ்பேர் ஃப்யூஸும் உள்ளேயே இருக்கும். சிவப்பு 10 ஆம்ப், நீலம் 15, மஞ்சள் 20. ஹார்ன் திடீரென்று ஊமையானால் சென்னையில் வண்டி ஓட்ட முடியுமா? முதலில் ஃப்யூஸைப் பாருங்கள், அதே கலரில் மாற்றுங்கள். பெரிய ஆம்ப் போட்டாலோ கம்பியைச் சுற்றி வைத்தாலோ எரிவது ஒயராக இருக்கும்.

கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவே கறுப்புச் சல்லடை இருக்கிறதே, அதையும் விடாதீர்கள். வேப்பிலையும் தூங்குமூஞ்சி மர இலையும் அங்கே சேர்ந்து மக்கி, தண்ணீர் இறங்கும் ஓட்டையை அடைக்கும். ஐப்பசி மழையில் அந்தத் தண்ணீர் காருக்குள் கால் வைக்கிற இடத்துக்கு வந்துவிடும். வாஷர் டப்பாவை அதே நேரம் நிரப்புங்கள். ராத்திரியில் மதுராந்தகம் ஏரி தாண்டும்போது கண்ணாடியில் அப்புகிற பூச்சிக்கு அதைவிட்டால் வேறு வழி இல்லை.

மழை வெள்ளத்துக்குப் பிறகு

2015 டிசம்பரும் 2023 மிக்ஜாம் புயலும் எங்கள் பகுதிக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது. வண்டி தண்ணீரில் நின்றிருந்தால், "ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பாதீர்கள். காற்றை அழுத்தினால் சுருங்கும், தண்ணீர் சுருங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எஞ்சின் கவர் தனியாக எடுக்காதவர்களுக்கு அந்தச் செலவை இன்ஷூரன்ஸ் பொதுவாகத் தராது. பானெட்டைத் திறந்து, ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா, டிப்ஸ்டிக்கில் ஆயில் வெளுத்திருக்கிறதா, இந்த இரண்டை மட்டும் பாருங்கள். சந்தேகம் என்றால் டோ வண்டி.

தொடக் கூடாதவை

டீசல் வண்டியில் இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் உண்டு. கசிந்தால் தோலைத் துளைக்கும். ஏ.சி. குழாய்களும் நம் வேலை இல்லை. ஹைபிரிட், எலெக்ட்ரிக் வண்டிகளில் தடித்த ஆரஞ்சு கேபிள் எதையும் தொடவே கூடாது, அது உயர் மின்னழுத்தம். எலெக்ட்ரிக் வண்டியில் திறந்து பார்க்க ஒன்றும் இல்லை என்றும் நினைக்க வேண்டாம். அதிலும் 12 வோல்ட் பேட்டரி, கூலன்ட், பிரேக் ஆயில், வாஷர் தண்ணீர் எல்லாம் உண்டு. எலியும் உண்டு.

இந்த ஞாயிறு முதல் தடவையாகத் திறக்கிறீர்கள் என்றால், எதையும் ஊற்றவோ துடைக்கவோ வேண்டாம். கையேட்டில் பானெட் படம் போட்ட பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மூடியும் எதனுடையது என்று கண்டுபிடியுங்கள். நாலு போட்டோ எடுங்கள்: டிப்ஸ்டிக், கூலன்ட், பிரேக் ஆயில், பேட்டரி டெர்மினல். அடுத்த மாதம் அதே நாலையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏதாவது மாறியிருந்தால் அந்த இரண்டு போட்டோவையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். "வண்டி என்னமோ மாதிரி இருக்கு" என்று சொல்வதைவிட, "ஒரு மாசத்துல கூலன்ட் இவ்ளோ இறங்கியிருக்குண்ணே" என்று சொன்னால் அவருக்கும் வேலை சுலபம், உங்களுக்கும் செலவு குறைவு.